பதினொன்றில் ஒன்று

தான் வேலை பார்க்கும் ரொட்டி ஆலையில் நடந்த மருத்துவ முகாமில் கொடுத்த சீட்டைச் சின்னவள் அக்காவின் சமையலறை மேசைமேல் வைத்தபோது, பெரியவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, ஒருவித உற்சாகம். பின்னாளில் அவளை உறுத்தியதும் அதுதான்.

சீட்டில் இருந்தது ஒரே வரி. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, முடிவு பாசிட்டிவ். குடலில் புற்று இருந்தாலும் அப்படி வரும், வேறு பத்துக் காரணங்களாலும் வரும். சீக்கிரமாக ஒரு ஸ்கோப் எடுத்துவிடுங்கள் என்று முகாம் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கேமரா வைத்த குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்ப்பதுதான் ஸ்கோப். அதைக் கேட்டதிலிருந்து சின்னவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனிடம் வாய் திறக்கவில்லை. அவன் லாரியில் வெகுதூரம் போயிருந்தான், சொன்னால் சரக்கைப் பாதி வழியில் போட்டுவிட்டு வந்து நிற்பான். வேலை முடிந்த கையோடு நேராக அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தக் குடும்பத்தில் எண் என்று எது தலைகாட்டினாலும் அது பெரியவளின் மேசைக்குத்தான் வரும். லாரிக்கு எந்த டயர் அதிக நாள் உழைக்கும் என்பதிலிருந்து, கைக்குழந்தையின் எடை வயதுக்குச் சரியா என்பதுவரை அவளைக் கேட்காமல் யாரும் முடிவெடுப்பதில்லை. உன்னிடம் கேட்டால் நாளைக்குப் பொழுது விடியுமா என்பதற்குக்கூட பெர்சன்டேஜ் சொல்வாய் என்று சின்னவளே கேலி பேசுவாள். பேசினாலும் கேட்டுக்கொள்வாள்.

பெரியவளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. பொருளியல் மாணவர்களுக்கு அறிமுகப் புள்ளியியல் நடத்தினாள். உலகத்தின் வறுமையை ஒழிக்கலாம், இல்லாவிட்டால் வங்கியில் பெரிய நாற்காலியில் உட்காரலாம் என்று கனவோடு வந்து சேரும் இருநூறு பேரைப் பிடித்து, சராசரி, சிதறல், நிகழ்தகவு என்று ஒரு பருவம் முழுக்க வறுத்தெடுக்கும் பாடம் அது. தேறாமல் இரண்டாம் ஆண்டுக்குள் கால் வைக்க முடியாது என்பதால் மாணவர்கள் அதற்குச் சுங்கச்சாவடி என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் அவள் காதுக்கும் வந்தது, கோபம் வரவில்லை. வண்டி நிற்கிற இடத்தில்தானே நின்று நிதானமாகப் பேச முடியும் என்றாள். புரியாதவனுக்குப் புரியவைப்பதில் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொல்லி, நாலாவது விதத்தில் எதிரே இருப்பவர் முகம் தெளிவதைப் பார்ப்பதற்காகவே அவள் சம்பளமில்லாமலும் வேலைக்குப் போவாள்.

ஆகவே சீட்டைப் பார்த்ததும் பழைய வினாத்தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"ஆயிரம் பேர்னு வச்சுக்க," என்றாள்.

அந்த ஆயிரம் பேரைப் பெரிய கட்டமாக வரைந்தாள். அதில் உண்மையிலேயே இந்த நோய் இருப்பவர்கள் ஐந்தே பேர். மூலையில் ஐந்து புள்ளி. சோதனை அந்த ஐந்தில் நாலு பேரைப் பிடித்துவிடும். ஒருவரைக் கோட்டை விடும். நல்ல சோதனைதான். ஆனால் மீதி இருக்கிற தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர்மேலும் அதே சோதனைதானே நடக்கிறது? நோயே இல்லாதவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கும் நோய் இருக்கிறது என்று அது தவறாகச் சொல்லிவிடும். நூற்றுக்கு நாலு என்றால் சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஆள் கூட்டம் பெரிது. கணக்குப் போட்டால் சுமார் நாற்பது பேர். இப்போது முகாம் வாசலில் பாசிட்டிவ் சீட்டோடு நிற்பவர்கள் மொத்தம் நாற்பத்து நாலு பேர். அதில் நிஜமாக நோய் இருப்பவர்கள் நாலு. 

பென்சிலால் அந்த நாற்பது பேரையும் லேசாகத் தீட்டினாள். தீட்டத் தீட்ட மூலையிலிருந்த நாலு புள்ளி எங்கே என்றே தெரியாமல் போயிற்று.

தாளையே பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, "இல்லக்கா, எனக்கு ஒரு..." என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"இரு, இரு. கடைசிப் படிதான் பாக்கி. நாப்பத்து நாலுல நாலு. அப்படின்னா?"

சின்னவளுக்கு வகுத்தல் எப்போதும் தகராறு. விரலை மடக்கி யோசித்தாள். "பதினொண்ணுல ஒண்ணா?"

பெரியவளின் முகம் மலர்ந்தது. இந்தச் சீட்டை வாங்கியவர்களில் பதினொரு பேரில் ஒருவருக்குத்தான் விஷயம் இருக்கும், மற்ற பத்துப் பேருக்கும் ஒன்றுமில்லை என்றாள். டாக்டர்கள் எல்லோரையும் பயமுறுத்துவார்கள், அது அவர்கள் தொழில், ஸ்கோப்புக்கு வரிசை நீளம், இரண்டு மாதம் கழித்து அதே சோதனையை இன்னொரு தடவை செய்துகொள்ளலாம், மறுபடியும் பாசிட்டிவ் வந்தால் அப்போது பார்க்கலாம் என்றாள். சின்னவள் தான் ஆரம்பித்த வாக்கியத்தைத் திரும்ப எடுக்கவில்லை. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். போகும்போது அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் வந்தது, போனது. ஆலையில் ஆள் குறைவு, இரட்டை ஷிப்ட். மறுசோதனை என்று பெரியவள் போனில் ஒரு தடவை கேட்டாள், செய்கிறேன் என்றாள் சின்னவள். பதினொன்றில் ஒன்று என்று தெரிந்தபிறகு எதற்கு அவசரப்படுத்த வேண்டும் என்று பெரியவளும் விட்டுவிட்டாள்.

இதற்கிடையில் வகுப்பில் நிகழ்தகவுப் பாடம் வந்தது. பாடநூலில் இந்த இடத்துக்குத் தொழிற்சாலை பல்பு உதாரணம் இருந்தது. பல்பு பழுதா இல்லையா என்பதில் எந்த மாணவனுக்கும் தூக்கம் கெடாது. பெரியவள் அதைத் தூக்கிக் கடாசிவிட்டுத் தங்கையின் சீட்டை எடுத்துக்கொண்டாள். பெயர் இல்லாமல்தான். ஒரு தொழிற்சாலை முகாம், ஒரு பெண், ஒரு பாசிட்டிவ் முடிவு. அரங்கின் பெரிய திரையில் ஆயிரம் கட்டங்களைப் போட்டு ஒவ்வொன்றாக நிறம் மாற்றிக் காட்டினாள். கடைசி வரிசையில் போனை நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இவ்வளவு ஆண்டுகளில் அந்தப் பாடம் அவ்வளவு நன்றாக எடுபட்டதே இல்லை. அந்தச் சூட்டோடு சூடாக அதையே இடைத்தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வியாக வைத்தாள். விடை வழிகாட்டியில் எழுதியிருந்தது: பதினொன்றில் ஒன்று.

விடைத்தாள் கொடுத்த மறுநாள் ஆசிரியர் அறையின் கதவைத் தட்டிக்கொண்டு மறுகூட்டல் வந்தாள்.

அது அந்த மாணவிக்கு ஆசிரியர்கள் வைத்த பெயர். எந்தத் தேர்வு முடிந்தாலும் தாளை எடுத்துக்கொண்டு மதிப்பெண் கேட்டு வந்து நின்றுவிடுவாள். அரை மதிப்பெண்ணுக்கு அரை மணி நேரம் பேசுவாள். அவள் தாழ்வாரத்தில் வருவது தெரிந்தால் பணவியல் பேராசிரியர் அலமாரிக்குப் பின்னால் போய் ஏதோ தேடுவதுபோல நின்றுகொள்வார். இன்றும் அப்படித்தான் நின்றார்.

பெரியவள் மட்டும் அவளை உட்காரச் சொன்னாள். மறுகூட்டல் தாளை விரித்துப் பத்துக்குச் சுழி வாங்கியிருந்த விடையைக் காட்டினாள். அதில் கணக்கே இல்லை. இரண்டு வரிதான் இருந்தது: 'இதற்கு விடை சொல்ல முடியாது. அந்தப் பெண் எதற்காகச் சோதனைக்கு வந்தாள் என்று கேள்வியில் இல்லை.'

தெரியாதவர்கள் தப்பிக்க எழுதும் விடை என்று நினைத்துத்தான் பெரியவள் சுழி போட்டிருந்தாள். அதைப் பக்குவமாகச் சொன்னாள். ஆயிரத்துக்கு ஐந்து பேர் என்று கேள்வியிலேயே கொடுத்திருக்கிறதே, அதை வைத்துத் தொடங்கியிருக்கலாமே என்றாள்.

"அது மொத்த ஜனத்துக்கு மேடம். முகாமுக்கு மொத்த ஜனமுமா வருது?"

தொழிற்சாலையில் எல்லோருக்கும்தான் வைத்தார்கள் என்றாள் பெரியவள்.

"வச்சாங்க. ஆனா யாரு போவாங்க? எங்கம்மாவைப் பாருங்க மேடம். காய்ச்சல்னா கஷாயம், தலைவலின்னா தைலம், அவ்வளவுதான். டாக்டர் வீட்டு வாசல்லயே வந்து உக்காந்தாலும் எட்டிப் பாக்க மாட்டாங்க. அவங்களா எழுந்து ஒரு டெஸ்டுக்குப் போனாங்கன்னா, ரொம்ப நாளா எதையோ மறைச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

அலமாரிக்குப் பின்னால் பணவியல் பேராசிரியரின் சலசலப்பு நின்றது.

மறுகூட்டல் பெரியவளின் பேனாவையே எடுத்துத் தாளின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தாள். உடம்பில் ஏதோ சரியில்லை என்று தெரிந்து வருகிறவர்களை மட்டும் ஆயிரம் பேர் எடுத்துக்கொள்வோம். அவர்களில் நோய் இருப்பவர்கள் ஐந்து பேராக இருக்க மாட்டார்கள். பேச்சுக்கு நூறு என்று வைப்போம். சோதனை எண்பது பேரைப் பிடிக்கும். மீதி தொள்ளாயிரத்தில் தவறாக மாட்டுகிறவர்கள் முப்பத்தாறு. சீட்டோடு நிற்பவர்கள் நூற்றுப் பதினாறு, அதில் எண்பது பேருக்கு நிஜமாகவே நோய். சோதனை அதே சோதனைதான், சீட்டும் அதே சீட்டுத்தான். ஆள் எங்கிருந்து வந்தாள் என்பது மட்டும் மாறுகிறது.

"பதினொண்ணுல ஒண்ணு எங்க மேடம், மூணுல ரெண்டு எங்க? அதான் சொல்ல முடியாதுன்னு எழுதினேன். எனக்குப் பத்து வேணாம், ஒரு அஞ்சாவது போடலாம்ல?"

கணக்கில் பிழை இல்லை. பெரியவள் இன்னொரு தடவை மேலிருந்து கீழே வந்தாள். இல்லை. இதே விஷயத்தை வேறு உடையில் அவளே முதல் வாரத்தில் நடத்தியிருக்கிறாள். நூலகத்தில் நின்று மாணவர்கள் எத்தனை மணி நேரம் படிக்கிறார்கள் என்று கேட்டால், நூலகத்துக்கு வருகிறவனின் பதில்தான் கிடைக்கும் என்று சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்தவள் அவள். நூலகத்தில் தெரிந்தது சமையலறையில் தெரியாமல் போயிற்று.

இல்லக்கா, எனக்கு ஒரு. அந்த வாக்கியம் இப்போது முழுசாகக் காதில் விழுந்தது, முடிவு மட்டும் இல்லாமல். தாளை வைத்துவிட்டுப் போகும்படி மாணவியிடம் சொன்னாள். ஐந்து மதிப்பெண்ணாவது கிடைக்குமா என்று அவள் வாசலில் நின்று கேட்டதற்கு என்ன பதில் சொன்னோம் என்றே அவளுக்கு நினைவில்லை.

தங்கையின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. இருந்த வகுப்பை ரத்து செய்துவிட்டுப் பேருந்து பிடித்தாள்.

ரொட்டி ஆலையின் பொட்டலப் பிரிவுக்குத் தெருவைப் பார்த்த மாதிரி நீளமான கண்ணாடிச் சன்னல் உண்டு. சூடு ஆறிய ரொட்டிகள் பட்டையில் ஊர்ந்து வரும், வரிசையாக நிற்கும் கத்திகளுக்குள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் துண்டு துண்டாக, ஆனால் கலையாமல் வெளியே வரும். அதைத் தூக்கிப் பைக்குள் தள்ளி வாயைத் திருகி அடுத்ததற்குக் கை நீட்டுவது சின்னவளின் வேலை. தலையில் வலை, கையில் உறை. பெரியவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். எத்தனையோ தடவை பார்த்த காட்சிதான். இன்றுதான் சீருடைச் சட்டை தோளிலிருந்து தொங்குவது கண்ணில் பட்டது. இடுப்பில் துணியை இழுத்து மடித்து ஊக்குக் குத்தியிருந்தாள்.

ஷிப்ட் முடிந்து வந்தவளை மதிலோரம் பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்காரவைத்தாள். என்னக்கா, வழி தவறி வந்துட்டியா என்று சிரித்தாள் சின்னவள். அவள்மேல் ஈஸ்ட் வாசனை அடித்தது.

பெரியவள் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு முகாமில் அந்த டெஸ்டை எல்லோருக்கும் எடுத்தார்களா என்று கேட்டாள்.

சின்னவளின் சிரிப்பு நின்றது. கால் செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எல்லோருக்கும் எடுத்தது ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான். இது கேட்டவர்களுக்கு மட்டும். அவள் வரிசை கலையும்வரை காத்திருந்து நர்சின் காதருகே போய்க் கேட்டிருக்கிறாள். முகாமுக்கு ரொம்ப நாள் முன்னாலிருந்தே ரத்தம் கண்ணுக்கே தெரிந்தது. மூலம் என்று நினைத்துக்கொண்டாள். நிற்கிற வேலைதானே, பாதிப் பேருக்கு இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்புறம் வயிறு ஒரு நாளைப்போல ஒரு நாள் இல்லை. எடை குறைந்தது, அதற்கு மட்டும் கூட வேலை பார்ப்பவர்கள் பொறாமைப்பட்டார்கள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். நீ இருன்ன."

பேருந்து ஒன்று வந்து நின்று போயிற்று.

"அதுக்கப்புறமாவது..."

"அதுக்கப்புறம் நீ பதினொண்ணுல ஒண்ணுன்ன," என்றாள் சின்னவள். "அது எனக்கு நல்லா இருந்துச்சுக்கா. ரத்தம் பாக்கறப்பல்லாம் அந்தத் தாளை எடுத்துப் பாத்துக்குவேன். பத்துப் பேருக்கு ஒண்ணுமில்ல, நான் அந்தப் பத்துல இருக்கேன்னு நினைச்சுக்குவேன். உங்கிட்ட இதைச் சொன்னா நீ நம்பரை மாத்திருவியோன்னு பயம். அதான் வாயை மூடிக்கிட்டேன்."

பெரியவள் அந்தக் கணக்கு தப்பு என்றாள். எப்படித் தப்பு என்று விளக்க வாயெடுத்தாள். முகாம், மொத்த ஜனம், கேட்டு வந்தவர்கள் என்று வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. அவற்றை விழுங்கிக்கொண்டு, நாளைக்கே ஸ்கோப்புக்குப் பேர் கொடுக்கலாம் என்று மட்டும் சொன்னாள்.

சின்னவளுக்குச் சுரீரென்று எரிச்சல் வந்தது. இந்த மாதம் லீவு போட்டால் மேற்பார்வையாளர் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோலக் கேட்பான் என்றாள். குழாய் விடுவதெல்லாம் தன்னால் தாங்க முடியாது என்றாள். இத்தனை நாள் ஆகாதது இனிமேலா ஆகப்போகிறது என்றாள். கடைசியில் அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒரு நம்பரைக் குடுத்துட்டு இப்ப வந்து பிடுங்கற. சரி, இப்ப எத்தனை? அதையும் சொல்லிடு."

மூன்றில் இரண்டு என்று மாணவி எழுதியது பெரியவளின் கண்ணுக்குள் நின்றது. ஆனால் அந்த நூறு, பேச்சுக்கு வைத்த நூறு. அது ஐம்பதாகவும் இருக்கலாம், இருநூறாகவும் இருக்கலாம். ஒரு தடவை யாருடைய கணக்கையோ எடுத்து இவள்மேல் போர்த்தியாகிவிட்டது.

"தெரியல," என்றாள்.

"உனக்கா?"

"எனக்குத்தான். தெரியல."

சின்னவள் அக்காவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்த வாயிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை அது. கண்ணில் மெல்ல மெல்லப் பயம் ஏறியது. பேர் கொடுத்துவிடு என்று முணுமுணுத்துவிட்டு, அடுத்த பேருந்து எப்போது என்று கேட்டாள்.

ஸ்கோப்புக்குத் தேதி கிடைக்கச் சில நாள் ஆயிற்று. அந்த நாட்களில் பெரியவள் வகுப்புக்குப் போனாள், வேறு என்ன செய்ய. திரையில் அந்த ஆயிரம் கட்டங்களைத் திரும்பப் போட்டு, இடைத்தேர்வு வினாவும் தவறு, தன் விடையும் தவறு, சுழி வாங்கிய விடைதான் சரி என்றாள். ஆயிரத்துக்கு ஐந்து என்கிற அந்த அடிப்படை விகிதம் யாரைக் கூட்டி எடுத்தது என்று கேட்காமல் அதை ஓர் ஆள்மேல் வைக்கக் கூடாது என்பதை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வழக்கமாக இந்த இடத்தில் அவள் குரல் குதிக்கும். அன்று அது தரையைவிட்டு எழவில்லை. முன்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கி, இறுதித் தேர்வில் எந்த விடையை எழுத வேண்டும் என்று கேட்டான். அரங்கமே சிரித்தது. மறுகூட்டல் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மேடத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் மேசையருகே வந்து, மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல், அந்தம்மா யாரு மேடம் என்று கேட்டாள். என் தங்கை என்றாள் பெரியவள். மாணவி திரையை அணைத்துவிட்டுப் போனாள்.

ஸ்கோப் எடுத்த டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிற பெண். சின்ன அறை, சுவரில் குடலின் படம், மேசையில் ஆறிப்போன தேநீர். உள்ளே ஒரு கட்டி இருக்கிறது என்றார். துணுக்கெடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறது, ஆனால் பார்த்த அளவில் அதுவாகத்தான் தெரிகிறது, அறுவை சிகிச்சைக்குத் தயாராகிவிடுங்கள் என்றார். பிறகு தாள்களைப் புரட்டி, முகாம் ரிசல்ட் வந்தது எப்போது என்று கேட்டார்.

சின்னவள் முந்திக்கொண்டாள். வேலை அதிகம் டாக்டர், லீவு கிடைக்கவில்லை, நான்தான் அசட்டையாக இருந்துவிட்டேன் என்று மளமளவென்று சொன்னாள்.

"நான்தான் தள்ளிப்போடச் சொன்னேன்," என்றாள் பெரியவள்.

டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "நீங்க டாக்டரா?"

"இல்ல. புள்ளியியல் வாத்தியார்."

டாக்டர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்தத் தேதியைத் தாளில் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். இந்த மூன்று மாதச் சொச்சத்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று பெரியவள் கேட்டாள். சொல்ல முடியாது என்றார் டாக்டர். சொன்னால் அது பொய்.

அது சரியான பதில் என்று பெரியவளுக்குத் தெரிந்தது. இதே கேள்வியை ஒரு மாணவன் கேட்டிருந்தால் அவள் இன்னும் விரிவாகச் சொல்லியிருப்பாள். தள்ளிப்போட்ட ஆயிரம் பேரையும் தள்ளிப்போடாத ஆயிரம் பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரே ஆளை இரண்டு விதமாகவும் வாழவைத்துப் பார்க்க வழியில்லை. அன்றே போயிருந்த சின்னவள் என்று ஒருத்தி எங்கும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள. தப்பு எவ்வளவு பெரிது என்று அளந்து பார்க்கும் கோல் எந்தப் பாடத்திலும் கிடையாது. அளவு தெரியாமலேயே அதைச் சுமக்க வேண்டும்.

இந்த வகை அறுவை சிகிச்சையில் பொதுவாக நூற்றுக்கு எத்தனை பேர் என்று டாக்டர் ஆரம்பித்தார். சின்னவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"நம்பர் வேண்டாம் டாக்டர். எப்ப வரணும், என்ன சாப்பிடக் கூடாது, எத்தனை நாள் லீவு சொல்லணும். அதை மட்டும் சொல்லுங்க."

டாக்டர் சொன்னார். சின்னவள் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் நாற்காலிகள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு வரிசையாக இருந்தன. ஒருவர் எழுந்தால் எல்லோரும் ஆடுவார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எதற்காக டாக்டரிடம் பொய் சொன்னாய் என்று பெரியவள் கேட்டாள். அந்தம்மா உன்னைத் திட்டுவதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை என்றாள் சின்னவள். கைப்பையின் பட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"எனக்குக் கோவம் வரும்க்கா," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, மழை வரும் என்று சொல்வதுபோல. "இப்ப வரல. இப்ப பயம்தான் இருக்கு, அதுக்கே இடம் பத்தல. ஆபரேஷன் முடிஞ்சு, வீட்டுக்கு வந்து, கட்டெல்லாம் பிரிச்சதும் வரும். அப்ப நான் வாயில வந்ததெல்லாம் சொல்லுவேன்."

"சொல்லு."

"நீ விளக்கம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"நானும்தானே மறைச்சேன்னு அப்ப எனக்குத் தோணாது. அதையும் நீ ஞாபகப்படுத்தக் கூடாது."

"மாட்டேன்டி."

"எழுந்து போயிடவும் கூடாது. நான் போன்னு சொன்னாலும்."

பெரியவள் தலையசைத்தாள். அது போதுமா என்று சின்னவள் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். என் வீட்டுக்காரருக்கு இன்னும் ஒன்றுமே தெரியாது, நீயே சொல்லிவிடு என்றாள். சீட்டு வந்த நாளிலிருந்து சொல்ல வேண்டும், நீ வரைந்து காட்டியதையும் விடாமல் சொல்ல வேண்டும், நான் ரத்தத்தை மறைத்ததையும் சேர்த்துத்தான்.

பெரியவள் எண்ணை அழுத்தினாள். மணி வெகுநேரம் அடித்தது. எடுத்ததும் எஞ்சின் இரைச்சல் முதலில் வந்தது, அதற்குப் பின்னால், சத்தமாக, சந்தோஷமாக அவன் குரல். பேசுவது தான்தான் என்று பெரியவள் சொன்னதும், அக்காவா, என்ன அதிசயம் என்றான்.

"மாப்பிள்ளை," என்றாள் பெரியவள், "முதல்ல வண்டியை ஓரமா நிறுத்துங்க."

இரைச்சல் தணிந்து நிற்கும்வரை காத்திருந்தாள். பக்கத்தில் சின்னவள் கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.